இடது கைக்கு அறுபத்தொன்று

கீழ்வீட்டுப் பல் டாக்டர் மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்குவார், மூன்று மணிக்கு ஏற்றுவார். இடையில் கிடைக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் மாடியில் டிரம்ஸ் அடிக்கலாம் என்று ஒப்பந்தம். "ஒருத்தர் வாயில நான் ஊசியை வெச்சிருக்கும்போது நீங்க மேல இடி இடிச்சா, ஊசி எங்கம்மா போகும்?" என்று அவர் ஒருமுறை படியேறி வந்து கேட்டார். அன்றிலிருந்து ஒப்பந்தம் மீறப்பட்டதில்லை.

ஷட்டர் கடகடவென்று இறங்கி முடிந்ததும் அண்ணி ஸ்டிக்குகளைக் கையில் எடுத்தாள். எதிர் மூலையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த வயர் ஹெட்போனை மாட்டினாள்.

வயர் என்பது அண்ணி வைத்த பெயர். கல்யாணமாகி வந்த புதிதில், எந்த அறைக்குள் போனாலும் இந்த நாத்தனார் விட்டுப்போன ஏதாவது ஒரு வயர் காலில் சிக்குகிறது என்று கோபத்தில் வைத்தது. கோபம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. காது கேட்கும் கருவி விற்கும் கடையில் வயருக்கு வேலை. கருவியை ஒவ்வொருவர் காதுக்கும் ஏற்றபடி அமைத்துக் கொடுப்பாள்.

அண்ணிக்கு டிரம்ஸ்தான் தொழில். தொழிலாக இருந்தது என்று சொல்ல வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. தகடு வைத்துச் சேர்த்தார்கள். அவள் வாசித்துக்கொண்டிருந்த குழு ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டது. இப்போது வாத்தியக் கடையில் நின்று மற்றவர்களுக்கு ஸ்டிக் எடுத்துக் கொடுக்கிறாள். போன வாரம் ஒரு நாடகக் குழு நிரந்தர டிரம்மர் வேண்டும் என்று அறிவித்திருந்தது. மூன்று நிமிடப் பதிவு ஒன்று அனுப்ப வேண்டும். ஒரே மூச்சில் வாசித்ததாக, வெட்டாமல் ஒட்டாமல் இருக்க வேண்டும். மின்னணு உதவி எடுத்துக்கொள்ளலாம், என்ன எடுத்தோம் என்று சொல்லிவிட வேண்டும். பிடித்திருந்தால் திங்கட்கிழமை நேரில் கூப்பிட்டு நாற்பது நிமிடம் வாசிக்கச் சொல்வார்கள். கடைசி நேரம் இன்று மாலை நான்கு மணி.

அதனால்தான் வாத்தியக் கடையிலிருந்து ஒருநாள் இரவலாக அந்த மாட்யூல் வந்திருந்தது. சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அது செய்யும் வேலை வயருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சின்ன அறையில் டிரம்மை மைக் வைத்துப் பதிவு செய்தால் அடியோடு சேர்ந்து சுவரும் கூரையும் பேசும். தகர டப்பாவைத் தட்டியதுபோல ஆகிவிடும். எனவே டிரம்மின் விளிம்பில் கட்டைவிரல் அளவு சென்சார் ஒன்றைக் கவ்வ வைக்கிறார்கள். அதன் அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். தோல் அதிர்ந்தால் சென்சாரில் ஒரு துளி மின்சாரம் எழும். எவ்வளவு எழுந்தது என்று மாட்யூல் பார்த்து, ஒன்றிலிருந்து நூற்றிருபத்தேழுக்குள் ஒரு எண் போட்டு, அந்த எண்ணுக்குத் தகுந்த பலத்தில், பெரிய கூடத்தில் பதிவு செய்து வைத்த ஒரு டிரம் ஒலியை எடுத்து விடும். மைக்கில் வந்த நிஜ ஒலியும் இதுவும் கலந்தால், ஒல்லியான அடிக்குச் சதை பிடித்ததுபோல இருக்கும். மைக் காதால் கேட்கிறது, சென்சார் விரலால் தொட்டுப் பார்க்கிறது என்று வயர் தனக்குள் சொல்லிக்கொண்டாள். இரண்டு சென்சார்கள் மாட்டியிருந்தாள். ஒன்று காலால் மிதிக்கும் பெரிய கிக் டிரம்மில். இன்னொன்று ஸ்னேரில், அதாவது மடிக்கு நேராக இருந்து சுளீர் சுளீரென்று பாட்டையே தாங்கும் அந்தச் சின்ன டிரம்மில்.

ஒன்று ஐந்துக்கு முதல் டேக். ஒரு நிமிடத்திலேயே வயர் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"என்ன வயரு, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? அவ்வளவு கேவலமாவா இருக்கு?"

"உங்களைச் சொல்லல அண்ணி. பெட்டி பாதி அடியை முழுங்குது."

"நான் பண்றதைக் காதுலயே வாங்காத ஆளு, உங்கண்ணனுக்கு அப்புறம் இந்தப் பெட்டிதான்."

முழுங்கியதற்குக் காரணம் வயர்தான். கிக்கை மிதிக்கும்போது தரை நடுங்கி, யாரும் அடிக்காமலே ஸ்னேர் சென்சார் துள்ளியது. அதைத் தடுக்க, இந்த அளவுக்குக் கீழே வரும் அதிர்வை உள்ளே விடாதே என்று வாசலை உயர்த்தி வைத்திருந்தாள். இப்போது வாசலைத் தாழ்த்தினாள். கிக் விழும் கணத்தில் ஸ்னேரின் நடுக்கத்தைப் பொருட்படுத்தாதே என்று வேறொரு இடத்தில் அமைத்தாள். "கொஞ்சம் ஸ்னேரை மட்டும் மாத்தி மாத்தித் தட்டுங்க அண்ணி. ரெண்டு கையாலயும்."

அண்ணி தட்டினாள். திரையில் கம்பிகள் எழுந்தன. ஒன்று உயரம், அடுத்தது குட்டை. ஒன்று உயரம், அடுத்தது குட்டை. கடைசிவரை அப்படியே.

வயருக்குப் புரிந்தது. குட்டைக் கம்பிகள் இடது கை. டிரம் வாசிப்பவர்கள் வழக்கமாக வலது கையை இடப்பக்கம் குறுக்கே நீட்டி, ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டில் தாளத்தை ஓட்டுவார்கள். அதற்கு அடியில் இடது கைதான் ஸ்னேரை அடிக்கும். பாட்டின் முதுகெலும்பே அந்த இடது கை அடிதான்.

அவள் நிமிர்ந்து சொல்லியிருக்கலாம். சொல்லாமல், ஐந்து வருடமாகக் கடையில் செய்து செய்து பழகிய வேலையைக் கை தானாகச் செய்துவிட்டது. காதுக் கருவியில் மெல்லிய ஒலியைத் தூக்க வேண்டும், பெரிய ஒலியை விட்டுவிட வேண்டும். அப்போதுதான் பக்கத்தில் கத்துபவரும் தூரத்தில் முணுமுணுப்பவரும் ஒன்றுபோலக் கேட்பார்கள். மாட்யூலிலும் அப்படி ஒரு வளைகோடு இருந்தது. அதன் கீழ்முனையைப் பிடித்து மேலே இழுத்தாள். இனி நாற்பதாக வந்தாலும் நூறாகத்தான் வெளியே போகும். அறை ஒலி பிடிக்கவில்லை என்று ஸ்னேர் மைக்கையும் நன்றாகக் குறைத்தாள்.

இரண்டாவது டேக் மூன்று நிமிடம் பத்து நொடி. எங்கும் தடுக்கவில்லை. அண்ணி ஓடி வந்து ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். ஸ்னேர் துப்பாக்கி வெடிப்பதுபோல விழுந்துகொண்டிருந்தது. ஒரு அடிகூட இளைக்கவில்லை.

"இது நானா?" என்றாள். இடது கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வயரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "வயரு, கை வந்துடுச்சுடி! எனக்குள்ள இன்னும் பயம் இருந்துச்சு தெரியுமா? வந்துடுச்சு!"

வயரிடமிருந்து "நல்லா இருக்கு அண்ணி" என்று மட்டும் வந்தது.

மணி ஒன்று ஐம்பது. அண்ணி தரையில் சம்மணமிட்டுக் கைப்பேசியில் விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினாள். ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்தாள். வயசு. அனுபவம். ராத்திரி நாடகத்துக்கு வர முடியுமா. வயர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்து, மாட்யூல் ஒலியை அறவே நிறுத்தி, மைக்கை ஏற்றிக் கேட்டாள். விதிப்படி இந்தப் பதிவில் ஒரு குற்றமும் இல்லை. அனுப்பலாம், கூப்பிடுவார்கள். திங்கட்கிழமை ஒரு மேடை இருக்கும், கீழே இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள், வளைகோடு இருக்காது.

"'வாசிப்பைப் பாதிக்கும் காயம் ஏதேனும் உண்டா?'" என்று அண்ணி படித்தாள். "இருந்துச்சு. இப்ப இல்ல. முழுசா குணமாயிடுச்சுன்னு போட்டுடறேன்." கட்டைவிரல் ஓடியது.

"அண்ணி, போடாதீங்க."

"ஏன்?"

"இன்னொரு தடவை கேளுங்க. மைக் மட்டும்."

அண்ணி சிரித்துக்கொண்டேதான் ஹெட்போனை வாங்கினாள். நாலைந்து நொடியில் சிரிப்பு நின்றது. ஆரம்பத்திலேயே ஸ்னேர் கதவுக்குப் பின்னால் யாரோ தட்டியதுபோல இருந்தது. இரண்டாவது நிமிடத்தில் அது ஸ்பாஞ்சில் விழுந்த பந்துபோல ஆகிவிட்டது. அண்ணி கடைசிவரை கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தபோது சத்தமே வரவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"இந்த டேக்குக்கு முன்னாடியே."

"நான் உன்னைப் புடிச்சு உலுக்கினேனே. அப்பவும் தெரியும்?"

"தெரியும்."

"நாத்தனார்னா நாத்தனார் மாதிரி மூஞ்சிக்கு நேரா குத்திக் காட்ட வேண்டியதுதானேடி. அதுக்குக்கூட உனக்கு வக்கில்லையா?"

"நான் வேணும்னு பண்ணல அண்ணி. கடையில பண்ற மாதிரியே..."

"என்னைச் செவிடாக்கி வெச்சிட்ட, போ."

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். மணி இரண்டு பதினைந்து. ஷட்டர் ஏற முக்கால் மணி நேரம். பின்னாலேயே போகலாமா என்று வயர் எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். மைக்குகள் திறந்தே இருந்தன. ஹெட்போனை மாட்டியதும் சமையலறை மொத்தமும் காதுக்குள் வந்தது. குழாய் திறக்கும் சத்தம், டம்ளர் நிரம்பும் சத்தம், குழாய் மூடும் சத்தம். ஒட்டுக்கேட்பது தப்பு என்று கழற்றப் போனபோது ஒரு தாளம் கேட்டது. தொட்டி விளிம்பில் விரல்கள். ஒரு பக்கம் மெல்லிசாக ஓட, மறுபக்கம் அழுத்தமாக விழுந்தது. நின்றது. மறுபடி ஓடியது.

இரண்டு இருபத்தைந்துக்கு அண்ணி திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"அந்தப் பெட்டி நம்பர் போடும்னு சொன்னியே. அதைக் காட்டு."

"எதுக்கு அண்ணி?"

"எலும்பு டாக்டர் நல்லா இருக்குன்னார். உங்கண்ணன் சூப்பர்ங்கறார். நீ நூறு போட்டுக் குடுத்துட்ட. எட்டு மாசமா ஒருத்தராவது எனக்கு நிஜ நம்பரைச் சொன்னீங்களா?"

வயர் வளைகோட்டைப் பழையபடி நேராக்கினாள். திரையை அண்ணி பக்கம் திருப்பி வைத்தாள். அண்ணி உட்கார்ந்து வலது கையால் நாலு அடி. நூற்றெட்டு, நூற்றுப் பதினொன்று, நூற்றொன்பது, நூற்றுப் பத்து. இடது கையால் நாலு அடி. அறுபத்து நாலு, ஐம்பத்தெட்டு, அறுபத்து மூன்று, அறுபத்தொன்று. ஒரு நிமிடம் விடாமல் அடித்துவிட்டுப் பார்த்தாள். நாற்பத்தொன்பது.

"அறுபத்தொன்னுன்னே வெச்சுக்கலாம்" என்றாள். குரலில் அழுகை இல்லை, கடையில் அளவு சொல்லும் குரல். "லேசா முப்பதுல தட்டினா?"

தட்டினாள். முப்பத்திரண்டு, முப்பத்தொன்று, முப்பது. ஒரு நிமிடம் கழித்தும் முப்பத்தொன்று.

"சின்னதுல ஆடவே மாட்டேங்குது பாருங்க" என்றாள் வயர், தன்னை மறந்து. "வலது கையைவிட சீரா இருக்கு அண்ணி!"

அண்ணி ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். "கட்டுப் போட்டிருந்தப்போ, பொழுது போகாம தலையணையில தட்டிட்டு இருந்தேன். வலது கையாலயே ஸ்னேர். கட்டைப் பிரிச்சதும் இடது கையை அப்படியே ஹை-ஹாட்டுல விட்டேன். குறுக்கே போகாம, கையை மாத்தி. நல்லாத்தான் வந்துச்சு. அப்புறம் விட்டுட்டேன்."

"ஏன்?"

"அப்படி வாசிச்சா பழைய மாதிரி வரலன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமில்ல?" அவள் ஹை-ஹாட்டின் திருகைத் தளர்த்தி, தட்டுகளைக் கீழே இறக்கத் தொடங்கினாள். மேலே குறுக்கே போக வலது கை இனி வராது, எனவே உயரம் தேவையில்லை. "மணி என்ன?"

"ரெண்டு முப்பத்தாறு."

"நீ உன் வேலையைப் பாரு. இந்தத் தடவை எதையும் தூக்காத."

இப்போது வயருக்கு வேலை குவிந்தது. ஸ்னேர் மைக் வலப்பக்கம் தோலுக்கு நாலு விரல் தள்ளி நின்றது. வலது ஸ்டிக் இறங்கும் வழியே அதுதான், முதல் அடியிலேயே மைக் பறக்கும். அதைக் கழற்றி எதிர்ப்பக்கம் கொண்டுபோனாள். தன் சாண் ஒன்று இருந்தால்தான் ஸ்டிக் படாது. வைத்துவிட்டு அண்ணியை ஒரு அடி அடிக்கச் சொன்னால், ஒலி சப்பென்று போய்விட்டது. மைக் மட்டும் கேட்டால் நன்றாக இருக்கிறது. மாட்யூல் மட்டும் கேட்டாலும் நன்றாக இருக்கிறது. சேர்த்தால் இரண்டும் காணோம்.

இரண்டு நாற்பத்தொன்று. யோசி, யோசி. காற்றில் ஒலி ஒரு சாண் தூரம் போக ஒரு சொட்டு நேரம் ஆகும். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகூட இல்லை. ஆனால் மைக் தள்ளிப்போன அளவுக்கு நிஜ அடி தாமதமாக வருகிறது, மாட்யூல் முன்னால் ஓடுகிறது. ஒன்றின் அலை எழும்பும்போது மற்றதன் அலை பள்ளத்தில் இருந்தால், ஒன்றை ஒன்று தின்றுவிடும். அவள் மாட்யூல் ஒலியைப் பின்னால் தள்ளினாள். "அடிங்க." இன்னும் ஒரு மயிரிழை. "அடிங்க." இன்னும். "அடிங்க!" சட்டென்று ஸ்னேர் திரண்டு வந்தது. மைக்கை முக்கால் பங்கும் மாட்யூலைக் கால் பங்கும் வைத்தாள். வெறும் சதைக்கு மட்டும்.

இரண்டு நாற்பத்தெட்டு. டேக். ஒரு நிமிடம் அழகாகப் போனது. தாளம் மாறும் இடத்தில் பதினைந்து வருடப் பழக்கம் விழித்துக்கொண்டு, இடது கை ஸ்னேருக்கு ஓடி வந்தது. இரண்டு ஸ்டிக்கும் நடுவானில் மோதி, ஒன்று ஜன்னலில் போய் விழுந்தது.

"கூப்பிடாமலே வருது பாரு, விருந்தாளி மாதிரி" என்று அண்ணி தன் இடது கையை முறைத்தாள்.

வயர் ஸ்டிக்கை எடுத்துக் கொடுத்தாள். "ரெண்டு அம்பத்தொன்னு. இன்னும் ரெண்டு தடவைக்கு நேரம் இருக்கு அண்ணி."

"பொய் சொல்லாத. இன்னொரு பொய் தாங்காது."

"ஒரு தடவைக்குத்தான் இருக்கு."

"அது."

அண்ணி கண்ணை மூடி, ஸ்டிக்குகளைத் தொடையில் வைத்து, அந்த மாற்றத்தை மட்டும் நாலு முறை சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தாள். அதற்கே இரண்டு நிமிடம் போனது. இரண்டு ஐம்பத்து நாலுக்கு அண்ணி தலையசைத்தாள்.

இம்முறை வயர் அண்ணியைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்தாள். நூற்றேழு. நூற்றொன்பது. நூற்றெட்டு. இடையிடையே ஹை-ஹாட்டிலிருந்து இறங்கி இடது கை ஸ்னேரை மெல்லத் தொட்டுவிட்டுப் போகும் சின்ன அடிகள். முப்பது. முப்பத்தொன்று. அவை எங்கே விழ வேண்டுமோ அங்கேதான் விழுந்தன. பெரிய அடிகளுக்கு நடுவே யாரோ கிசுகிசுப்பதுபோல இருந்தது. வளைகோடு தூக்கிவிட்டிருந்தால் இந்தக் கிசுகிசுப்பும் கத்தலாகிப் போயிருக்கும். தாளம் மாறும் இடம் வந்தது. இடது கை ஒரு இமைப்பொழுது தயங்கியது. ஹை-ஹாட்டிலேயே நின்றது.

இரண்டு ஐம்பத்தேழு. கீழே கேட் திறக்கும் சத்தம். டாக்டர் சீக்கிரம் வந்துவிட்டார். சாவிக்கொத்து குலுங்கியது. அண்ணி கடைசி எட்டுத் தாளத்தில் இருந்தாள். நாலு. மூன்று. கடைசி அடியும் பெரிய சிம்பல் தட்டும் சேர்ந்து விழுந்தன. சிம்பல் ரீங்கரித்து அடங்கும் வாலில், கீழே ஷட்டர் கடகடவென்று ஏறியது.

வயர் பதிவை நிறுத்தினாள். "ஷட்டர் சத்தம் விழுந்துடுச்சு அண்ணி. மைக்ல நல்லா விழுந்திருக்கு. சென்சாருக்கு அது கேட்காது. அந்த ரெண்டு நொடிக்கு மட்டும் மைக்கை இறக்கிட்டு..."

"இறக்கினா?"

"சுத்தமாயிடும்."

"வெட்டாத, ஒட்டாதன்னு போட்டிருக்கான்ல?" அண்ணி சட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கட்டும். இந்த வீட்ல டிரம்ஸ் அப்படித்தான் முடியும்."

மின்னணு உதவி என்ன என்ற கட்டத்தில் வயர் சொல்லச் சொல்ல அண்ணி எழுதினாள். ஸ்னேரிலும் கிக்கிலும் சென்சார், கால் பங்கு கலவை, அடியின் பலம் வாசித்தபடியே. காயம் உண்டா என்ற கட்டத்துக்கு வந்ததும் பழைய வரியை அழித்தாள். "இடது மணிக்கட்டில் தகடு இருக்கிறது. பலத்த அடி நீடிக்காது. அதனால் ஸ்னேர் வலது கையில், ஹை-ஹாட் இடது கையில்." படித்துப் பார்க்காமல் அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். மணி மூன்று இருபது.

வயர் வயர்களைச் சுருட்டினாள். அண்ணி குறுக்கே போகும்போது ஒன்று காலில் சிக்கியது. "எடு இதை" என்றாள். அவ்வளவுதான்.

ஐந்தரைக்கு மாட்யூலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது அண்ணியின் கைப்பேசி அதிர்ந்தது. அவள் கை ஈரமாக இருந்தது. "நீ படி" என்றாள். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

வயர் ஒருமுறை மனதுக்குள் படித்துவிட்டு, பிறகு சத்தமாகப் படித்தாள். "திங்கள் காலை பத்து மணி. இங்கே மாட்யூல் கிடையாது. ஹை-ஹாட் எங்களிடம் உயரமாக மாட்டியிருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு தாழ்த்தி வைக்க வேண்டும்?"

அண்ணி திரும்பினாள். டிரம் செட்டிடம் போய்க் குனிந்து, ஸ்னேர் விளிம்பில் இடது கையின் கட்டைவிரலை ஊன்றி, சுண்டுவிரலை ஹை-ஹாட் நோக்கி விரித்தாள். மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. தட்டுக்கு இன்னும் ஒரு விரல் இடைவெளி இருந்தது. வலது கையால் திருகைத் தளர்த்தி, சுண்டுவிரல் தொடும்வரை தட்டை இறக்கினாள்.

"ஸ்னேருக்கு மேல ஒரு சாண்னு போடு" என்றாள். "என் இடது கைச் சாண். எத்தனை அங்குலம்னு அளந்து போடு."

வயர் டேப்பைத் தேடி எடுத்து வந்தாள். ஏழே கால். இரண்டுமுறை அளந்துவிட்டு, ஏழே கால் என்றே எழுதினாள்.